ஆறப்போட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்

ஒரே ஞாயிற்றுக்கிழமையில், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், குரலைக்கூட உயர்த்தாமல், முந்நூற்றுப் பன்னிரண்டு சண்டை போட்டவர் ஹெட்கிளார்க். அத்தனை சண்டையிலும் மண்ணைக் கவ்வினார். சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு அத்தனையிலும் ஜெயித்தும் விட்டார். கின்னஸ்காரர்களுக்கு விஷயம் எட்டாமல் போனதற்கும் ஒரு மின்னஞ்சல் கோளாறுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நம்ப மாட்டீர்கள். அவருடைய மச்சானும் நம்பவில்லை. அவரைப் பற்றிப் பிறகு.

ஹெட்கிளார்க் என்பது பழைய பதவி. ஓய்வுபெற்றுப் பதினொரு வருஷமாகியும் அந்தக் குடியிருப்பில் வேறு பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. முப்பத்தாறு வருஷம் அலுவலகத்தில் அவர் கட்டிக் காத்தது ஒரே ஒரு கொள்கை: எந்தக் கடிதத்தையும் எழுதிய சூட்டில் அனுப்பக் கூடாது. ஒரு ராத்திரி மேஜைத் தட்டிலே கிடந்து ஆற வேண்டும். மறுநாள் காலையில் படித்துப் பார்த்து, அப்போதும் நியாயமாகப் பட்டால் தபாலுக்கு. இல்லாவிட்டால் தட்டின் அடிக்கு. அவர் தட்டின் அடியில் ஆறிக் கிடந்த கடிதங்கள் மட்டும் வெளியே போயிருந்தால் நாலு இலாகாக்கள் கலைந்திருக்கும், ரெண்டு கல்யாணம் நின்றிருக்கும்.

கம்ப்யூட்டர் வாங்கியபோதும் கொள்கை மாறவில்லை. கோபம் வந்தால் உட்கார்ந்து ஒரு மின்னஞ்சல் எழுதுவார். பழைய மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. அவர் தனித்தனியாகத் தொட்டு அனுமதி கொடுக்கிறவரை எந்தக் கடிதமும் அவுட்பாக்ஸை விட்டு நகராது. நல்ல கடிதங்களுக்கு அனுமதி கொடுப்பார். மற்றவை ஆறிக்கொண்டிருந்தன. பதினொரு வருஷமாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு இருந்த ஒரே கவலை கீழ்த்தளத்து வாசகசாலை. மாடிப்படிக்குப் பக்கத்து அறை. இரண்டாயிரத்துச் சொச்சம் புத்தகம், இருபது நாற்காலி, ஒரு மின்விசிறி. சம்பளமில்லாத காப்பாளர் அவர்தான். தினமும் நாலு பேர் வருவார்கள். அதில் ரெண்டு பேர் தூங்குவார்கள், ஒருவர் மின்விசிறிக்காக வருவார். அந்த அறையை உடற்பயிற்சிக் கூடமாக்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் கிளம்பிவிட்டது. சங்கத்தின் செயலாளர் வேறு யாருமில்லை, நாலாம் மாடியில் குடியிருக்கும் மச்சான். ஹெட்கிளார்க்கின் வீட்டம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். மெஷின்களை ஆர்டர் செய்வதற்கு முன் நியாயமாக நடந்துகொண்டதாகக் காட்ட அவர் ஒரு தீர்மானம் போட்டிருந்தார்: ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எண்ணும்போது, காப்பாளரைச் சேர்க்காமல் இருபது பேர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் வாசகசாலை பிழைக்கும்.

"இருபது பேரா?" காலையிலேயே மினிட்ஸ் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சிரித்தார் மச்சான். "இலவசமா சோறு போட்டாக்கூட அந்த ரூமுக்கு இருபது பேர் வரமாட்டாங்க மாப்பிள்ளே."

"வருவாங்க மச்சான். மெயில் போட்டு எல்லாரையும் கூப்பிடப்போறேன்."

"வந்தாங்கன்னா, வந்தது உண்மைன்னு என் கையாலயே இந்தப் புத்தகத்துல எழுதிக் கையெழுத்துப் போடறேன். போதுமா?"

அவர் படியேறிப் போனதும் ஹெட்கிளார்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையில் வழக்கமான நீலப் பெட்டி. புதிய பதிப்பு தயாராக இருக்கிறது. இப்போதே ஏற்றலாமா, பிறகு நினைவூட்டலாமா? நாலு வருஷமாக அந்தப் பெட்டியையும் அவர் ஆறத்தான் போட்டிருந்தார். ஆனால் அன்றைக்கு மச்சான் மேல் இருந்த எரிச்சலில் "இப்போதே" என்பதில் அழுத்திவிட்டார்.

அவ்வளவுதான். திரை கறுத்தது. ஒரு வெள்ளைச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. இருபத்தேழு சதவீதம் வரை விறுவிறுவென்று வந்து, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஹெட்கிளார்க் குளித்தார், சாப்பிட்டார், ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். சக்கரம் அப்போதுதான் இருபத்தெட்டுக்கு வந்திருந்தது. அந்த ஒரு சதவீதத்துக்குள் ஒரு குழந்தையைப் பெற்று, வளர்த்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கலாம்.

மத்தியானம் ரெண்டரை மணிக்குக் கம்ப்யூட்டர் கண் விழித்தது. பிரின்டர் மேஜைமேல் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தும், அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்று சாதித்தது கம்ப்யூட்டர். தமிழில் எழுதி வைத்திருந்ததெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாகிவிட்டன. பழைய மெயில் மென்பொருளும் போய்விட்டது. அதனிடத்தில் புதிது ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கடவுச்சொல் கேட்டது.

உதவி மையத்துக்குப் போன் போட்டார். நாற்பது நிமிஷம் புல்லாங்குழல் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சார், மெஷினை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"அம்மா, ஆன் ஆகறதுக்கு அஞ்சு மணி நேரம் ஆச்சு. மறுபடி ஆஃப் பண்ணினா நான் இருக்கமாட்டேன்."

"அப்ப வேண்டாம் சார், பயந்துடாதீங்க. முதல்ல மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்துக்குங்க... கட்டமெல்லாம் போச்சா?"

"போச்சு! எழுத்து வந்துடுச்சு! நீ நல்லா இருப்பே."

"இப்ப மெயில் செட்டிங்ஸ். வெளியே போற சர்வர்னு ஒரு வரி இருக்கும். நான் சொல்றதை அதுல அடிங்க." அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். "அவ்வளவுதான் சார். கடவுச்சொல்லைப் போட்டீங்கன்னா ஓடும்."

"கடவுச்சொல் எனக்கு எப்படித் தெரியும்? அதைப் பழைய மென்பொருள்தானே ஞாபகம் வச்சிருந்துச்சு!"

மணி மூன்றரை. ஹெட்கிளார்க்குக்கு வியர்த்தது. இருபது நாற்காலிகள் இருந்த இடத்தில் மச்சான் டவுசரோடு ஓடும் காட்சி கண்முன் வந்தது. நினைவிலிருந்ததை வாய்விட்டுச் சொல்லி அடித்துப் பார்த்தார். தவறு. இன்னொரு முறை. தவறு.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையற்காரம்மாவின் குரல் கேட்டது. "சார்! நாலாவது எழுத்து பெரிசு சார்! எழுபத்தேழுக்கப்புறம் ஒரு ஆச்சரியக்குறி!"

"ரெண்டு ஆச்சரியக்குறி!" என்றார் மேல் பால்கனியிலிருந்து வயலின் டீச்சர்.

ஹெட்கிளார்க் விறைத்துப்போனார். "இது ரகசியச் சொல்லும்மா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அடிக்கிறப்ப ஒவ்வொரு எழுத்தையும் நீங்க வாய்விட்டுச் சொல்லித்தான அடிப்பீங்க?" என்றாள் வீட்டம்மா அடுக்களையிலிருந்து. "வாங்கின புதுசுல ஒரு மாசம் தினமும் அடிச்சீங்க. இந்தக் கட்டடத்துக்கே மனப்பாடம். குழந்தைங்க அதை வச்சுத்தான் நொண்டி ஆடுது."

ரெண்டு ஆச்சரியக்குறி போட்டார். திறந்துகொண்டது.

அழைப்புக் கடிதத்தை ஏற்கனவே மனசுக்குள் எழுதி வைத்திருந்தார். அதைத் தட்டி, எல்லாக் குடித்தனக்காரர்களின் முகவரியையும் போட்டு, ஆசை தாங்காமல் இரண்டாயிரம் புத்தகங்களின் முழுப் பட்டியலையும் படங்களோடு இணைத்து, அனுப்பு என்பதை அழுத்தினார். திரையின் மூலையில் ஒரு வரி முளைத்தது.

அனுப்பப்படுகிறது: 313-ல் 1.

"முந்நூற்றுப் பதிமூணா?" என்றார். "நான் எழுதினது ஒண்ணுதானே?"

பிறகு புரிந்தது. புதிய மென்பொருள் பழைய அவுட்பாக்ஸைச் சிந்தாமல் சிதறாமல் தூக்கி வந்திருந்தது. அனுமதி என்ற சமாச்சாரம் மட்டும் வழியில் விழுந்துவிட்டது. பழையதில் தொடங்கி வரிசையாகக் கடிதங்கள் கிளம்பின. பல் டாக்டருக்கு: "நான் காட்டிய பல் வேறு, நீங்கள் பிடுங்கிய பல் வேறு. மிச்சமிருப்பவை உங்களைக் கண்டால் நடுங்குகின்றன." தையற்காரம்மாவுக்கு: "இந்தக் கால்சட்டையில் நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் நுழைந்து பார்த்தோம்; இன்னும் இடமிருக்கிறது." வயலின் டீச்சருக்கு: "ஆறு வருடமாக ஒரே பாட்டின் முதல் வரி. காலில் விழுந்து கேட்கிறேன், இரண்டாவது வரியையும் சொல்லிக்கொடுங்கள்."

ஹெட்கிளார்க் புலி மாதிரிப் பாய்ந்து மேஜைக்கு அடியில் புகுந்து, கைக்குக் கிடைத்த ஒயரைப் பிடித்து இழுத்தார். அது பிரின்டருடையது. பதறிப்போய் மறுபடி சொருகினார். 'பிரின்டர் கண்டுபிடிக்கப்பட்டது' என்று கம்ப்யூட்டர் பெருமையோடு அறிவித்தது. இணைய ஒயரை அவர் தேடிப் பிடித்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்திருந்தன. போகாமல் நின்றது ஒன்றே ஒன்று. அழைப்புக் கடிதம். இணைப்பு மிகவும் பெரிதாம்.

"போச்சு," என்றார் போனில் காத்திருந்த பெண்ணிடம்.

"மெயில் போயிடுச்சா சார்? ரொம்ப சந்தோஷம். எங்க சேவைக்கு அஞ்சுல எத்தனை நட்சத்திரம் கொடுப்பீங்க?"

தலைமறைவாவது என்று முடிவெடுத்தார். ஆனால் நாலரை மணிக்கு வாசகசாலையைத் திறக்காவிட்டால் காப்பாளரே வரவில்லை என்று மச்சான் எழுதிவிடுவார். தூக்குமேடைக்குப் போகிறவரைப்போல இறங்கிப் போய் அறையைத் திறந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். அது தலைகீழாக இருந்தது.

முதலில் வந்தவர் பல் டாக்டர். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"எந்தப் பல்லுன்னு இப்பவே தீர்த்துக்கலாம். வாயைத் திறங்க!"

பின்னாலேயே தையற்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு. "அளவு எடுக்கிறப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு? சொல்லுங்க சார், நானா நீங்களா?" அவருக்குப் பின்னால் வயலின் டீச்சர், அவருக்குப் பின்னால் லிஃப்ட் மெக்கானிக், பஸ் டிரைவர், மருந்துக்கடைக்காரர். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, தெருவில் போனவர்கள் யாரோ அமைச்சர் வந்துவிட்டதாக நினைத்துச் சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள்.

"நான் அனுப்பலை," என்றார் ஹெட்கிளார்க் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து. "அதுவா போயிடுச்சு. எல்லாம் ஆறின கடிதம்."

"ஆறினதா? ஒவ்வொரு வரியும் கொதிக்குது!" என்ற வயலின் டீச்சர் போனை நீட்டித் தன் கடிதத்தை உரக்கப் படித்தார். காலில் விழும் இடம் வந்ததும் பல் டாக்டர் பக்கென்று சிரித்துவிட்டார்.

"எதுக்கு டாக்டர் சிரிக்கிறீங்க?"

"இல்லம்மா... இதையே சொல்லணும்னு நானும் ஆறு வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"அப்படியா? உங்களுக்கு என்ன எழுதியிருக்கார், கொடுங்க பார்ப்போம்." படித்தார். சிரிப்பை அடக்க முடியாமல், கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். "நடுங்குகின்றனவாம்! டாக்டர், என் கடைவாய்ப் பல்லும் சாட்சி சொல்லும்."

அதன் பிறகு யாருக்கும் ஹெட்கிளார்க்கின் ஞாபகம் இல்லை. தனக்கு வந்ததைவிட அடுத்தவருக்கு வந்தது ருசியாக இருந்தது. ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போன்களை மாற்றி மாற்றிப் படித்தார்கள். லிஃப்ட்டைப் பற்றிய இருபத்தொரு கடிதங்களைக் கேட்ட மெக்கானிக், "இவ்வளவு அழகா என் லிஃப்ட்டைப் பத்தி யாரும் எழுதினதில்லை," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியாக வீட்டம்மாவும் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு மட்டும் பதினேழு வந்திருக்கு," என்றாள் அமைதியாக. "இப்ப படிக்கிறேன். வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

அன்று ஹெட்கிளார்க் நிஜமாகவே பயந்தது அந்த ஒரு கணத்தில்தான்.

சரியாக ஐந்து மணிக்கு மச்சான் மினிட்ஸ் புத்தகத்தோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கூட்டம் கலையவில்லை. விரல் நீட்டி எண்ணினார். திரும்பவும் எண்ணினார். முகம் மெல்ல மலர்ந்தது.

"பத்தொன்பது."

ஹெட்கிளார்க்கும் எண்ணிப் பார்த்தார். பத்தொன்பதுதான். ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"என்ன மாயம் பண்ணினீங்களோ, இதை நான் நம்பவே இல்லை மாப்பிள்ளே. ஏதோ நாடகம். ஆனா நாடகத்துலயும் ஒரு ஆள் குறையுதே!" பேனாவைத் திறந்தார் மச்சான். "தீர்மானம்னா தீர்மானம்தான்."

"அண்ணே," என்றாள் வீட்டம்மா தலை நிமிராமல், "உன் போனைப் பாத்தியா?"

"மத்தியானத் தூக்கத்துக்குச் சத்தத்தை அமர்த்தி வச்சேன். ஏன்?"

"உனக்கும் வந்திருக்கும். பாரு."

போனை எடுத்தார். முப்பத்தெட்டுக் கடிதங்கள். முதலாவதைத் திறந்தவர் புருவத்தைச் சுருக்கினார். ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. இதே அறையில் இருவரும் சதுரங்கம் ஆடிய நாளன்று எழுதியது. அதற்குப் பிறகு இருவரும் ஆடவில்லை, பலகை அலமாரி மேல் தூசி படிந்து கிடந்தது. "மச்சான், நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் உங்கள் குதிரை இரண்டு கட்டம் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் இல்லை என்கிறீர்கள். போகட்டும். குதிரை போனால் போகிறது, நாளைக்கு ஆட ஆள் இல்லாமல் போய்விடுமே என்றுதான் கஷ்டமாக இருக்கிறது."

மச்சான் அடுத்த கடிதத்தைத் திறந்தார். அதற்கடுத்ததை. கால் வலித்திருக்க வேண்டும். கண்ணைப் போனிலிருந்து எடுக்காமலே கையால் துழாவி, காலியாக இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பன்னிரண்டாவது கடிதத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பதினைந்தாவதில் மூக்கை உறிஞ்சினார்.

"இருபது," என்றார் பல் டாக்டர்.

மச்சான் நிமிர்ந்தார். சுற்றிலும் பத்தொன்பது முகம். கீழே தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. கையில் தான் படித்துக்கொண்டிருக்கும் கடிதம். "செயலாளரைச் சேர்க்காமல்னு தீர்மானத்துல இல்லையே, சார்?" என்று தையற்காரம்மா ஞாபகப்படுத்தினார்.

மணி ஐந்தேகால். மச்சான் மினிட்ஸ் புத்தகத்தை மடியில் விரித்து எழுதினார். எழுதி முடித்ததும் எட்டிப் பார்க்க வந்த ஹெட்கிளார்க்கிடம் புத்தகத்தைத் தள்ளினார்.

'இன்று வாசகசாலையில் இருபது பேர் உட்கார்ந்து படித்தனர். அனைவரும் மிகுந்த ஈடுபாட்டுடன் படித்தனர். என் கண்ணால் கண்டேன். உண்மை.' அதன் கீழே கையெழுத்து. கையெழுத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் இன்னொரு வரி: 'குதிரையை நகர்த்தியதும் நான்தான்.'

"எழுதிட்டேன். எல்லாம் நடந்ததுதான்," என்ற மச்சான், எழுந்து அலமாரி மேலிருந்த பலகையை எடுத்துத் தூசியை ஊதினார். "உட்காருங்க மாப்பிள்ளே. இந்தத் தடவை தண்ணி குடிக்கப் போகாதீங்க."