கிடைத்தது

தனியாக இருக்கும் முதியவர்களுக்குத் தினமும் காலையில் ஒரு போன் போகும். ‘நலமாக இருந்தால் ஒன்றை அழுத்துங்கள்’ என்று குரல் கேட்கும். அழுத்தாவிட்டால், போன் போடும் கம்பெனி அந்தச் செய்தியை உடனே இந்தச் சேவையை நடத்துபவனின் சர்வருக்குத் தள்ளிவிடும். அதற்குப் பெயர் வெப்ஹுக். சர்வர் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லிவிட்டு, வீட்டாருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் கம்பெனி விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பும். வந்துவிட்டால் அதோடு கை கழுவிவிடும்.

இதைக் கட்டி முடித்தவன் வீட்டுக்குக் கடைக்குட்டி. சோதித்துப் பார்க்க அவனுக்கு வாய்த்த இளிச்சவாய் எண் அப்பாவுடையது. பதிவு செய்த குரலும் மகனுடையதே என்பதால் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் ஒன்றை அழுத்துவார். “எடுக்காம விடுங்கப்பா, அதையும் பார்க்கணும்” என்று இவன் சொன்ன நாட்களில்தான் பாவம், கை துறுதுறுக்க உட்கார்ந்திருப்பார்.

எடுக்காத ஒவ்வொரு முறையும் அக்காவுக்குத் தகவல் பறந்தது. அவள் வங்கி கவுண்டரில் வேலை செய்பவள். “இன்னொரு தடவை வந்துச்சு, போனைத் தூக்கிப் போட்டுடுவேன்” என்றாள். அவள் வாயை அடைக்க சர்வரில் ஒரே ஒரு வரி எழுதினான்: அப்பாவின் எண்ணைப் பற்றி எது வந்தாலும் ‘கிடைத்தது’ என்று சொல், அதற்குமேல் ஒன்றும் செய்யாதே.

சேவை தொடங்கிய அன்று முதல் வாடிக்கையாளராக, பகலில் வீட்டில் தனியாக இருக்கும் அப்பாவையே சேர்த்து மார்தட்டிக்கொண்டான். அந்த வரியை எடுக்கவில்லை. மறந்துவிட்டான் என்று சொல்வதுகூட அவனுக்குக் காட்டும் சலுகைதான்.

ஒரு காலையில் அப்பா குளியலறையில் விழுந்தார். போன் அடித்து ஓய்ந்தது. வெப்ஹுக் வந்தது, சர்வர் ‘கிடைத்தது’ என்றது. வேலை முடிந்து அக்கா வந்து கதவைத் திறக்கும்வரை அவர் ஈரத்தரையிலேயே கிடந்தார். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. “காலையிலேயே கொண்டுவந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்” என்றார் டாக்டர்.

அதிலிருந்து ஆஸ்பத்திரியில் அக்கா போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “மெசேஜ் வந்திருக்கும்டா. கூட்டத்துல நான்தான் பார்க்காம விட்டுட்டேன். பாவி நான்.”

நாள்கணக்கில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் ஒரு காலையில் வாயைத் திறந்தான். “வரலக்கா. வரவிடாம பண்ணது நான்.” அந்த வரியைப் பற்றிச் சொன்னான்.

அக்கா கத்தவில்லை. “இத்தனை நாளா நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். நீ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்த?”

தலைமாட்டில் அப்பாவின் போன் அடித்தது. அக்கா அதை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அப்பாவின் பக்கத்தில் வைத்தாள். மகனின் குரல் உற்சாகமாகச் சொன்னது: “நலமாக இருந்தால் ஒன்றை அழுத்துங்கள்.”

போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் இடது கை மெல்ல வெளியே வந்தது. தடவித் தடவி ஒன்றை அழுத்தினார். பிறகு, சரியாகச் செய்துவிட்டேனா என்று கேட்பதுபோல் மகனைப் பார்த்தார்.