சுபகாரியங்களுக்கு மட்டும்

செங்கல்பட்டில் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் அப்துல் சுபஹானின் கிடங்கில், அன்று காலை இரண்டு வண்டிகள் அருகருகே நின்றன. ஒன்று சிறியது, ஊரார் குட்டி யானை என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தது. மற்றொன்று பெரிய பிக்கப். லாரிக்குத் தம்பி என்று சொல்லத்தக்க விறைப்பு அதன் முகத்தில் இருந்தது. கருங்குழியிலிருந்து கணவனோடும் தம்பியோடும் வந்திருந்த கண்ணகி, இரண்டுக்கும் நடுவே நின்றபடி, தன் மகள் கீர்த்தனாவின் வாழ்வு இவற்றுள் எதன்மேல் ஏறிச் செல்லப்போகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாத்த, நான் சொல்றத கேளு," என்று சுபஹான் அவள் கணவன் சடையப்பனிடம் தொடங்கினார். "சின்னது முக்கா டன்னு இழுக்கும். சந்து பொந்து எல்லாம் பூந்து வரும். டீசல் குடிக்காது. பெருசு அதுக்கு ரெட்டிப்பு தாங்கும், கீழ குனிஞ்சி வில்லுப் பட்டைய பாரு, இரும்ப அடுக்கி வெச்சிகீறான். ஆனா அதுக்கு ரோடு அகலமா வேணும். சந்துல வுட்டீன்னா ரிவர்ஸ்லயே ஊரு வந்து சேரணும். உனக்கு இன்னா லோடு?"

"சேரு, ஷாமியானா, பாத்திரம்," என்றான் சடையப்பன். சற்றுத் தயங்கி, "அப்புறம் பொட்டி," என்றான்.

"பொட்டி இல்ல பாய்," என்றாள் கண்ணகி. "பொட்டிய வுட்டாச்சு."

இவ்விடத்தில் பெட்டியைப் பற்றிக் கூறுவது அவசியமாகிறது. சடையப்பனும் கண்ணகியும் விழாவுக்கு வேண்டிய பொருள்களை வாடகைக்கு விடுபவர்கள். அவற்றோடு, இறந்தவரின் உடலைக் கெடாமல் வைக்கும் ஐஸ் பெட்டி ஒன்றும் அவர்களிடம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேரும்வரை உடல் காத்திருக்க வேண்டுமென்றால், மதுராந்தகம் முதல் திருக்கழுக்குன்றம் வரை உள்ளவர்கள் சடையப்பனைத்தான் அழைத்தார்கள். கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் ஒரே வண்டிதான் போய்வந்தது. பெட்டி இறங்கிய ஒவ்வொரு முறையும் கண்ணகி மஞ்சள் நீர் கரைத்து வண்டியைக் கழுவுவாள். பார்த்தவர் எவரும் இல்லாதவரை அதனால் குறையொன்றும் நேரவில்லை.

ஆனால் சென்ற தை மாதத்தில், மதுராந்தகத்து நிச்சயதார்த்த வீடு ஒன்றில் நாற்காலிகளை இறக்கும்போது, வண்டிப் பலகையின் இடுக்கிலிருந்து கொஞ்சம் பொரியும் வாடிய ரோஜா இதழ்களும் உதிர்ந்தன. பிணத்தின் முன்னால் இறைக்கும் பொரி அது என்று அங்கிருந்த எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெண்ணின் அத்தை போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. நாற்காலிகள் வந்த வழியே திரும்பின. அதன்பின் நல்ல காரியத்துக்கு அவர்களை அழைப்பவர் அரிதாயினர்.

அந்தச் சேதி திருக்கழுக்குன்றத்தையும் எட்டியது. அங்கே தமிழ்ச்செல்வி என்பவள், தன் மகன் ஜெயக்குமாருக்காகக் கீர்த்தனாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். பெண்ணைப் பிடித்திருந்தது; பையனும் பெண்ணும் கைப்பேசியில் பேசவும் தொடங்கியிருந்தனர். பொரி உதிர்ந்த கதை காதில் விழுந்ததும் தமிழ்ச்செல்வி ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்: பெட்டியை விட்டுவிட்டு, அதன் நிழல் படாத வேறு வண்டி வாங்கிய பிறகே மேற்கொண்டு பேச்சு. பழைய வண்டியோ, அதே வாரத்தில் எஞ்சின் பிடித்துப்போய் வழியில் நின்றுவிட்டது. ஒரு வண்டி வாங்கத்தான் அவர்களுக்கு வகை இருந்தது.

"சாவு தேதி பாத்து வராது கண்ணகி," என்று சடையப்பன் குட்டி யானையின் கதவைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னான். "ஆடி, மார்கழின்னா கல்யாணம் கெடையாது. பொட்டிதான் நமக்கு சோறு போட்டுது. அதுக்கு சின்ன வண்டி போதும்."

"சோறு போட்டுதுய்யா. பொண்ணுக்கு மாப்பிள்ளைய போடுமா?"

கண்ணகியின் தம்பி கலையரசன் பெரிய வண்டியின் டயரை உதைத்துப் பார்த்தவாறே சிரித்தான்.

"மாமா, பேசாம பெருசு எடு. ஈசிஆர்ல கடற்கரையாண்ட கல்யாணம் பண்றவன்லாம் மேடைக்கே ரெண்டு வண்டி பூ வெக்கிறான். நீ குட்டி யானைல போய் நின்னா, தோட்டத்துக்கு எரு கொண்ணாந்தவன்னு பின்பக்க கேட்ட காட்டுவான்."

"நீ சும்மா இருடா. ஓட்டப்போறது நானு," என்றான் சடையப்பன். ஆயினும் அவன் கை குட்டி யானையின் கதவிலிருந்து மெல்ல விலகியது.

பெரிய வண்டி கருங்குழிக்கு வந்தது. கண்ணகி ஓவியர் ஒருவரை வரவழைத்து, ஓட்டுநர் பக்கக் கதவில் சிவப்பு எழுத்தில் 'சுபகாரியங்களுக்கு மட்டும்' என்று எழுதுவித்தாள். எழுத்து சிறியதாய் இருக்கிறது என்று அழிக்கச் சொல்லி மீண்டும் பெரிதாக எழுதுவித்தாள். ஊரில் நால்வர் கேட்கவேண்டும் என்பதற்காகவே, இனிப் பெட்டி இல்லை என்று கடைத்தெருவில் உரக்கப் பேசினாள். பெட்டி கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதை வாங்கிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வருவதாக இருந்தது.

வண்டிக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. வண்டி எதை முதலில் சுமக்கிறதோ, அதுவே அதன் ராசி என்பார்கள். ஆகையால் புது வண்டியைக் கண்ணகி ஒரு செங்கல்கூட ஏற்றவிடாமல் காத்தாள். வெள்ளிக்கிழமை மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றில் கல்யாணம். கலையரசன் பிடித்துக் கொடுத்த வேலை. அந்த மேடைச் சட்டங்களே முதல் லோடாக இருக்கவேண்டும் என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

புதன்கிழமை நண்பகலில் கைப்பேசி ஒலித்தது. கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அழைத்தவள் தமிழ்ச்செல்வி. அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த அவள் கணவரின் தம்பி காலையில் நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர்விட்டிருந்தார்; அவருடைய ஒரே மகன் கத்தாரிலிருந்து மறுநாள்தான் வந்து சேர முடியும்.

"பொட்டி வேணும் கண்ணகி. செங்கல்பட்டுல கேட்டுட்டோம், கல்பாக்கத்துல கேட்டுட்டோம். இந்த வெயிலுக்கு எல்லா பொட்டியும் வெளிய போயிருக்குதாம்."

"அண்ணி, நாங்க பொட்டிய வுட்டுட்டோமே. நீங்கதான சொன்னீங்க..."

"நான்தான் சொன்னேன். மறந்தா போய்ட்டேன்? இப்ப இன்னா பண்ணச் சொல்ற? சாயந்தரத்துக்குள்ள வாடை அடிக்க ஆரம்பிச்சிடும். ஜனம் வந்துகினே கீது." தமிழ்ச்செல்வியின் குரல் உடைந்தது. "உங்க வூட்டுல பொட்டி கீதுன்னு தெரிஞ்சும் கேக்காம இருந்தா, நாளைக்கு என் கொழுந்தன் பையன் என் மூஞ்சில காறித் துப்பமாட்டானா?"

கண்ணகி கைப்பேசியைக் கீழே வைத்தாள். பெட்டியை அனுப்பாவிட்டால், சம்பந்தி வீட்டுச் சாவுக்குக்கூட உதவாதவர்கள் என்ற பேச்சு தலைமுறைக்கும் நிற்கும். அனுப்பினாலோ, விட்டதாகச் சொன்ன பெட்டி அந்த வீட்டு வாசலிலேயே போய் இறங்கும். கலையரசன் வேறு வண்டி தேடித் தெரிந்த ஓட்டுநர்களை எல்லாம் அழைத்தான்.

"பொட்டின்னு சொன்னாலே போன வெச்சிடறானுங்கக்கா. ஒருத்தன், 'உன் மாமன்தான் சொகுசா பெரிய வண்டி வாங்கிக்கீறாரே, அதுல ஏத்து'ன்றான். பேஜாரா போச்சு."

சடையப்பன் வண்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றான். 'நான் அப்போதே சொன்னேன்' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கண்ணகி அவன்மேல் பாய்ந்து தன் மனச்சுமையை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவன் அதையும் சொல்லவில்லை.

"அம்மா," என்றாள் கீர்த்தனா. "ஒரு மனுசன் செத்துக் கெடக்குறாரு."

கண்ணகி எழுந்தாள். அடுக்களையிலிருந்து கல்லுப்பு மூட்டையையும் மஞ்சள் கிழங்கையும் எடுத்துவந்து, வண்டியின் வெறும் பலகையில் நடுவாக வைத்தாள். "தெருவ ஒரு சுத்து சுத்தினு வாய்யா," என்றாள். உப்பும் மஞ்சளும் தனியே ஏறிய அந்தப் பெரிய வண்டி தெருவைச் சுற்றி வந்து நின்றது. "முத லோடு உப்புதான். எல்லாரும் பாத்துக்குங்க," என்று அவள் யாரிடமும் இல்லாமல் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி மட்டும் சன்னலுக்குப் பின்னால் நின்றாள். அவளும் திரையை இழுத்துவிட்டாள். அதன் பிறகே பெட்டி ஏறியது. கதவின் எழுத்தின்மேல் கண்ணகி ஒரு பழைய போர்வையைப் போட்டு, கண்ணாடி இடுக்கில் செருகி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, தானும் ஏறிக்கொண்டாள்.

திருக்கழுக்குன்றத்தில் தமிழ்ச்செல்வியின் வீடு ஒரு குறுகிய சந்தின் கோடியில் இருந்தது. குட்டி யானையாக இருந்தால் வாசல்வரை போயிருக்கும். பெரிய வண்டி சந்து முனையில் ஒரு பக்கச் சுவரை உரசிவிட்டு நின்றது. சடையப்பன் இரண்டு முறை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தான்.

"வராதுய்யா, வுடு. வூட்ட இடிச்சிட்டுதான் வரணும்," என்று யாரோ கத்தினார்கள்.

ஆகவே நால்வர் அந்தப் பெட்டியைத் தெருமுனையிலிருந்தே கையில் தூக்கிச் சென்றனர். அந்நால்வருள் ஒருவன் ஜெயக்குமார். வாசல்தோறும் நின்றவர்கள் முதலில் பெட்டியைப் பார்த்தார்கள். பின்னர் அதன் பின்னால் மின்கம்பியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்த கண்ணகியைப் பார்த்தார்கள். ஜெயக்குமார் ஒருமுறை திரும்பினான். கண்கள் சந்தித்தவுடன் பெட்டியின் கைப்பிடியில் தன் பிடியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான்.

உடலைப் பெட்டிக்குள் கிடத்தி, இயந்திரம் உறுமத் தொடங்கிய பிறகு, கண்ணகி மூச்சு விட்டபடி தெருமுனைக்குத் திரும்பினாள். அங்கே இறந்தவரின் நண்பர்கள் 'கண்ணீர் அஞ்சலி' பதாகையைக் கட்டுவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அகலமாய் நின்ற வண்டியின் பக்கம் அவர்களுக்கு வாகாகத் தோன்றியது. ஒருவர் தடையாக இருந்த போர்வையை உருவிப் போட்டார்.

கதவின் சிவப்பு எழுத்து வெளியே தெரிந்தது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "சுப... காரியங்களுக்கு... மட்டும்." அவர் தோள் குலுங்கியது. "டேய், செத்தவன் குடுத்து வெச்சவன்டா! கல்யாண வண்டி வந்துகீது அவனுக்கு!"

சாவு வீடு என்பதையும் மறந்து நாலைந்து பேர் சிரித்தனர். பதாகையை எழுத்தின்மேலேயே இழுத்துக் கட்டினார்கள். கண்ணகி போர்வையைத் தரையிலிருந்து எடுத்து மண்ணை உதறினாள். அதை மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமல்லபுரத்து விடுதியிலிருந்து கலையரசனை அழைத்தார்கள். மேடைக்குப் பூ கட்டும் ஆட்கள் திருக்கழுக்குன்றத்துக்காரர்கள். வண்டி வேண்டாம், வேறு ஏற்பாடு ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னார்களாம்.

"நான் இன்னாக்கா பண்ணுவேன்?" என்றான் கலையரசன். அன்று அவனுக்குக் கேலி பேச நா எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை வாங்க வந்தவரைச் சடையப்பன் வாசலிலேயே திருப்பி அனுப்பினான். கண்ணகி உள்ளிருந்து அதைக் கேட்டாள், தடுக்கவில்லை. அன்று மாலையே அவன் சுபஹானை அழைத்து, பெரிய வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிறியதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"அது போய்ட்ச்சி அண்ணாத்த. கோவளத்து மீன்காரரு ஓட்டினு போய்ட்டாரு. உன் வண்டிய எடுத்துக்கலாம்தான், ஆனா பொட்டி ஏறின வண்டின்னு எனக்கே நாலு பேரு சொல்லிட்டாங்க. நான் அத யார் தலைல கட்டுவேன், நீயே சொல்லு."

கருமாதி முடிந்தபின் தமிழ்ச்செல்வி நேரில் வந்தாள். அவள் வந்ததிலும் உட்கார்ந்ததிலும் குறை சொல்ல இடமில்லை. கண்ணகியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ இல்லன்னா எங்க மானம் போயிருக்கும். என் கொழுந்தன் பையன் அப்பா மூஞ்சிய பாத்து அழுதான்னா, அது உன்னாலதான். சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"அதுக்கு இன்னா அண்ணி," என்றாள் கண்ணகி.

"ஆனா பொண்ணு விசயம்..." தமிழ்ச்செல்வி கீர்த்தனா இருந்த அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தெருவே பாத்துட்ச்சி. நாளைக்கு உன் பொண்ணு விளக்கேத்த என் வூட்டுக்குள்ள கால் வெச்சா, அன்னிக்கு பொட்டி வந்த வழியில வர்றான்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பேச்ச அந்தப் பொண்ணு தாங்கமாட்டா. எனக்கும் பொண்ணு கீது, அதான் சொல்றேன்."

"நீங்க கூப்ட்டுதான அண்ணி வந்தோம்?"

"ஆமா. நான்தான் கூப்ட்டேன்." தமிழ்ச்செல்வி மறுக்கவில்லை. அவள் கண்ணில் நீர் இருந்தது. அது பொய்யான நீரும் அன்று. அழுதுகொண்டே எழுந்து, அழுதுகொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அன்று முழுவதும் கீர்த்தனா அறையை விட்டு வரவில்லை. ஜெயக்குமாரின் எண்ணிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை என்பதை, அறைக்குள் நிலவிய அமைதியைக்கொண்டே கண்ணகி அறிந்துகொண்டாள்.

மறுநாள் சடையப்பனின் கைப்பேசி ஒலித்தபோது, அவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். கண்ணகி அதை எட்டிப் பார்த்தாள்; தெரியாத எண். தெரியாத எண்கள் எதற்காக அழைக்கின்றன என்பது அவ்வீட்டில் அனைவருக்கும் தெரியும். அவள் தொடவில்லை. அடுப்பில் இருந்த சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். ஒலி நின்றது, மறுபடியும் எழுந்தது.

அறைக் கதவு திறந்தது. கீர்த்தனா வந்து கைப்பேசியை எடுத்தாள். அவள் முகம் வீங்கியிருந்தது. குரலில் அது தெரியவில்லை.

"ஆமாங்க, பொட்டி கீது. சொல்லுங்க, எந்த ஊரு? தவறுனது யாருங்க, அம்மாவா?" சற்று நேரம் மறுமுனையில் அழுகை கேட்டது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். "சரிங்க, அழாதீங்க. தெரு எப்டி கீது? எங்க வண்டி பெருசுங்க, சந்துக்குள்ள வராது. முனையில இருந்து தூக்கினு வர ஆள் இருந்தா நிறுத்தி வெய்ங்க."

கண்ணகி கரண்டியை அடுப்புத் திட்டில் வைத்தாள். மகளின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கிவிட அவள் இரண்டு அடி எடுத்து வைத்ததும் உண்மை. ஆனால் கீர்த்தனா அதற்குள் பேச்சை முடித்துவிட்டு, கிணற்றடிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, சீக்கிரம் வா. பொட்டி ஏத்தணும்."