மூன்றாம் பக்கத்து அளவீடு

"கட்டுரையிலேருந்து என் பேர எடுத்துடுங்க, டாக்டர்."

மேற்பார்வையாளரிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று முதல் வாரமே சொல்லிவைத்தவள் பக்கத்து மேசை மலாய் மாணவி இஸ்ஸதி. சுபாஷினி கேட்டுவிட்டாள். முனைவர் பட்டத்துக்கு ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். அவளிடம் இருந்தது இது ஒன்றுதான். கெடு மார்ச்சோடு முடிகிறது. பட்டமளிப்பு விழாவுக்கென்று அம்மா தொழிற்சாலையில் இப்போதே லீவு சொல்லி வைத்திருந்தாள்.

டாக்டர் ஸ்ரீகரன் கண்ணாடியைக் கழற்றினார். துறையில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறவர். காரியம் ஆகவேண்டுமென்றால்தான் அவருக்கு வீட்டில் பழகிய இலங்கைத் தமிழ் வரும். இப்போது வந்தது.

"என்ன பிள்ளை, காய்ச்சலா?"

"மூணாம் பக்கம் தப்புன்னு மூணு வாரத்துக்கு முன்னாடியே எழுதினேன். 'ஓகே'ன்னு பதில் போட்டுட்டு, அதே பக்கத்த ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிட்டீங்க. ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கிற இடம் முழுசையும் ஒரே அடியா அளக்கலாம்னு போட்டிருக்கீங்க. அப்படி அளந்தா, இந்தப் பக்கம் ஒருத்தன் குவாண்டம் புலத்தத் தட்டினது, வெளிச்சம் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே அந்தப் பக்கத்துக்காரனுக்குத் தெரிஞ்சுடுது. வெளிச்சத்தவிட வேகமா சேதி போறது நடக்கிற காரியமா?"

"இதைப் பிடிக்கக்கூடியவங்க உலகத்தில இருபது பேர் இருப்பாங்க லா."

"இருபத்தொண்ணு. என்னையும் சேத்துக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நீயே திருத்தேன்."

"திருத்திட்டேன். சின்னக் கருவி ஒண்ண அந்தந்த இடத்துல மட்டும் புலத்தத் தொட வச்சு, அப்புறம் கருவிய அளந்தா வம்பு இல்ல. ஆனா நீங்க கிடைக்கும்னு சொன்ன தகவல்ல பத்துல ஒண்ணுகூடத் தேறல. கட்டுரையே நிக்காது."

ஸ்ரீகரன் நாற்காலியை மேசையை ஒட்டி இழுத்துக்கொண்டார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நிபோங் திபால் எஸ்டேட் பக்கத்துப் பிள்ளை, முன்னுக்கு வரட்டும் எண்டுதான் உன்னை எடுத்தேன்."

"மார்க்கப் பாத்து எடுத்தீங்கன்னுல்ல நெனச்சிருந்தேன்."

"கோபப்படாதை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறிட்டு வா. ஆறுதலா யோசி. பட்டம் என்ன ஆகும்?"

"தள்ளிப் போகும். கிடைக்காமலும் போகலாம். அதெல்லாம் யோசிச்சாச்சு. காலையிலயே பத்திரிகை ஆசிரியர் குழுவுக்கு நானே எழுதிட்டேன், என் சம்மதம் இல்லன்னு. கணக்கையும் சேத்து அனுப்பியிருக்கேன். சொல்லாம செஞ்சுட்டேன்னு இருக்கக் கூடாது, அதுக்குத்தான் வந்தேன். உங்களுக்கும் மெயில்ல ஒரு நகல் வந்திருக்கும்."

ஸ்ரீகரன் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினார். சுபாஷினி நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே நடந்தாள்.