தண்ணீர் லாரிப் படை

ஏரிகள் வற்றிப்போன ஒரு காலத்தில் தண்ணீர் லாரிக்காரர்களே நகரை ஆளும் படையாகிவிடுகிறார்கள் என்பது ஹேமாவதியின் கற்பனை. அதை அவள் எழுதவில்லை, செய்தாள். மென்பொருள் வேலை முடிந்த மாலைகளில், நசரத்பேட்டை அடுக்ககத்தின் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைப் பீரங்கி வண்டிகளின் மேற்பகுதியை அறுத்தெறிந்தாள். பூந்தமல்லி பிளம்பிங் கடைக் குழாய்த் துண்டுகளை அவற்றின்மேல் தொட்டிகளாகப் பொருத்தினாள். விரலளவு வீரர்களையும் வண்டிகளையும் மேசைமேல் நிறுத்தி, நாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போரிடும் ஆட்டத்துக்கான படை அது. அம்பத்தூரில் நடக்கவிருந்த போட்டியில் தன் கையால் உருவான படையுடன்தான் இறங்குவது என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

போட்டிக்கு முந்தைய ஞாயிறு, அதை நடத்தும் விக்ரம் படையைப் பார்வையிட்டான். லாரிகள், கூடவே ஒரு கிரேன். எல்லாம் ஒரே நீலம். ஆயுதங்கள் தொட்டிகளுக்குள் மறைந்திருந்தன. மறைந்திருப்பதே அந்தப் படையின் தந்திரம் என்று அவள் நினைத்திருந்தாள்.

"செமயா இருக்கு ஹேமா. ஆனா ஆட விட முடியாது," என்றான். "எதிர்ல நிக்கிறவனுக்குப் பார்த்ததுமே தெரியணும், எது பீரங்கி, எது ஆள் ஏத்துற வண்டின்னு. ஒவ்வொண்ணா உன்னைக் கேட்டுக்கிட்டா ஆட முடியும்?"

அவளது வழக்கமான எதிராளி அமல்ராஜ் சிரித்தான். ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். "இன்னா ஏமா, ஏரியா ஃபுல்லா தண்ணி ஊத்தப் போறியா? பேசாம துப்பாக்கிய வெளிய நீட்டி உடு. மேட்டர் ஓவர்."

"நீட்டினா மறுபடியும் கடைல வாங்கின வண்டிதான் அமல். அதுக்கு நான் ஏன் அறுக்கணும்?"

"அப்ப என்னாண்ட இன்னொரு படை கீது. எட்த்துகினு ஆடு."

"வேணாம். இதோடதான் வருவேன்."

"வா வா. வந்து வாசல்ல நில்லு," என்றான் அமல்.

செவ்வாய்க்கிழமை காலை, மெட்ரோ பணிக்காகக் குறுக்கப்பட்டிருந்த நெடுஞ்சாலையில் அவளது ஸ்கூட்டர் ஊர்ந்துகொண்டிருந்தது. முன்னே போன ஒரு லாரியின் பின்னால் மட்டும் சாலை காலியாகக் கிடந்தது. கையகல இடம் கிடைத்தாலும் சக்கரத்தை நுழைத்துவிடும் சாலையில், அந்த இடைவெளியை யாரும் தொடவில்லை. தானும் தொடவில்லை என்பதை ஹேமாவதி சற்றுத் தாமதமாகவே உணர்ந்தாள். அது கழிவுநீர் லாரி. அதன்மேல் இருந்த எழுத்தை அவள் படித்திருக்கவில்லை. நாற்றமும் இன்னும் எட்டவில்லை. பக்கவாட்டில் சுருண்டு தொங்கிய தடித்த குழாயும், மூடியைச் சுற்றி வழிந்து காய்ந்த கறுப்புக் கறையுமே போதுமானவையாக இருந்தன. அதற்கும் முன்னால் ஒரு குடிநீர் லாரி, மேலே இருவர் உட்கார்ந்திருக்க, சிந்திக்கொண்டே போனது. அதை உரசியபடி பைக்குகள் சென்றன.

இந்தச் சாலையில் போகிற எவருக்கும் லாரிகளைப் பிரித்தறியும் கண் உண்டு. அந்தக் கண் தேடும் அடையாளங்களையே, படை ஒருமைப்பட்டுத் தெரியவேண்டும் என்ற ஆசையில், அவள் நீலம் பூசி அழித்திருந்தாள்.

அன்று மாலையே நீலத்தைச் சுரண்டத் தொடங்கினாள். நச்சு பீய்ச்சும் வண்டிகள் கழிவுநீர் லாரிகளாயின. பழைய சார்ஜர் ஒயர் அவற்றின் குழாயானது. வீரர்களை ஏற்றும் வண்டிகள் நீலமாகவே நீடித்தன, தொட்டிமேல் இரண்டு வீரர்களுடன். கண்மருந்துப் புட்டியைச் சாய்த்து ஒட்டியதும் பீரங்கி வண்டி கான்கிரீட் கலவை லாரியாகிவிட்டது. கிரேனைத் தொட மட்டும் மனம் வரவில்லை. அவள் முதன்முதலில் செய்தது அதுதான்.

போட்டியன்று விக்ரம், அமலை மேசையின் மறுபக்கம் நிறுத்தினான். "ஹேமாவ எதுவும் கேக்காத. பார்த்துச் சொல்லு. இது?"

"தண்ணி லாரி. மேல ஆளு குந்திகினு கீறான். ஆள் ஏத்துற வண்டி."

"இது?"

"கலவை லாரி. சுத்திகினே வந்து கக்கும். பீரங்கி."

"அது?"

"அய்ய! அத்த ஏன் கேக்குற? மேல அட்ச்சா ஒரு வாரத்துக்கு ஊட்ல சேக்க மாட்டாங்க."

விக்ரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிரேனைக் காட்டினான். அமல் குனிந்து பார்த்தான். "தூக்குமா, இடிக்குமா? தெரியல நைனா."

விக்ரம் ஹேமாவதியைப் பார்த்தான். விளக்கிச் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் விளக்க வேண்டியிருக்கிறது என்பதே அதன் தோல்வி. கிரேனை எடுத்துத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"ஒரு வண்டி கம்மியா ஆடணும். ஓகேவா?" என்றான் விக்ரம்.

"ஆடுறேன். பகடைய எடு."

"இரு, இரு," என்ற அமல், கழிவுநீர் லாரிக்கு நேரே நின்ற தன் வீரர்களை அவசரமாகப் பின்னுக்கு நகர்த்தினான்.

"டேய், ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கல," என்றான் விக்ரம்.

"தெரியும் மாமே. அது பக்கத்துல எவன் நிப்பான்?"

பகடையில் முதலில் ஆடும் முறை ஹேமாவதிக்கு விழுந்தது. நாடாவை நீட்டி அளந்து, அமல் ஒதுங்கிக் கொடுத்த இடைவெளிக்குள் அந்த லாரியை ஓட்டினாள்.