ஹஸ்மிக்காகக் கழற்றிய வலை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. கல்விச் சஞ்சிகைக்காரர்கள் ‘மாணவரை ஊக்குவித்தல்’ என்று தலைப்பையும் தந்து, இரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை கேட்டார்கள். உட்கார்ந்தேன். ‘இன்றைய மாணவர் சமுதாயம் பல்வேறு சவால்களை’ என்பது வரைக்கும் போனேன். அதற்கு மேல் எனக்கே தூக்கம் வந்துவிட்டது. [அந்த வாக்கியம் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.]

ஆகவே கட்டுரையை விட்டுவிட்டு ஒரு பையனை யோசித்தேன். பெயர் ஹஸ்மி, வயது பதினாறு, ஊர் கண்டக்குழி. இந்த வருடம் சாதாரண தரம் என்ற அரசாங்கப் பொதுப் பரீட்சையை எழுத வேண்டியவன். எழுதுவானா மாட்டானா என்பதுதான் கதை. வேறு மர்மம் ஒன்றுமில்லை, பயப்படாமல் வாசியுங்கள்.

2.

தொடக்கம் அமைந்தபாடில்லை.

முதல் முயற்சி: ‘கண்டக்குழியில் பொழுது விடிந்தபோது கடல்’... வேண்டாம். இந்தக் கரையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் கடலில்தான் தொடங்குகிறோம். அதற்கும் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம்.

அடுத்த முயற்சி: ‘ஹஸ்மி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே நாட்கணக்கில்’... இதுவும் சரிவராது. இப்படி நடுவில் தொடங்கினால் அவனைச் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடுவீர்கள். அவன் சோம்பேறி இல்லை. என் மேல் சத்தியமாக இல்லை.

சரி, பந்திலிருந்து தொடங்குகிறேன்.

3.

ஹஸ்மி வீடு இருக்கும் ஒழுங்கையின், அதாவது சந்துத் தெருவின், முனையில், படகுகளை இழுத்து வைக்கும் மணலில், பின்னேரமானால் கரப்பந்து நடக்கும். அஸர் தொழுகை முடிந்ததும் ஜபார் ஒரு விசில் அடிப்பான். கிழிந்த மீன்வலையை மடித்துத் தைத்ததுதான் நடுவில் கட்டும் வலை. ஜபார் சொந்தப் படகு வைத்திருக்கும் வாலிபன், பந்தை ஓங்கி அடிப்பதில் சூரன். அவனை ‘நானா’ (அண்ணன்) என்று கூப்பிடும் ஹஸ்மிதான் அவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன். தூக்கியது பிசகினால், “கண்ணென்ன பிடரியிலயா இரிக்கிது?” என்று ஜபார் கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குள் அடுத்த பந்து வந்துவிடும்.

ஹஸ்மிக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதும். வியர்வையோடு வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, கணக்கைக் கையிலெடுத்தால் தானாக ஓடும். தவணைப் பரீட்சையில் கணக்குக்குத் தொண்ணூறுக்கு மேல் எடுத்தான். [இங்கேதான் வினை பிடித்தது.]

அந்த ஒழுங்கைப் பையன்கள் பெரும்பாலும் பத்தாம் ஆண்டோடு படகேறிவிடுவார்கள். தொண்ணூறு என்பது அங்கே கேள்விப்படாத புள்ளி. ஒழுங்கைக்காரர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ‘நம்மட புள்ள’ என்றார்கள். நம்மட புள்ள படிக்கிற இடத்தில் சத்தம் கூடாது என்று ஜபார் தானே போய் வலையைக் கழற்றிச் சுருட்டி வைத்தான். வீடுகளில் பாட்டு நின்றது. பக்கத்து வீட்டு அலீமா முட்டைக் கறி அனுப்பினார். எதிர்வீட்டிலிருந்து மீன் தலை வந்தது, முனை வீட்டிலிருந்து வட்டிலப்பம். வாசலைக் கடக்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்தார்கள்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஒரு வீட்டுக்கு மரியாதை காட்ட அந்த ஒழுங்கைக்காரர்களுக்கு ஒரே வழிதான் தெரியும். மௌத்து நடந்த வீட்டுக்கு, சாவு வீட்டுக்குச் செய்வார்களே, அந்த வழி. விளையாட்டை நிறுத்துவது, பாட்டை நிறுத்துவது, அங்கே அடுப்பு மூட்ட விடாமல் சோறு அனுப்புவது. அன்பு மிஞ்சியபோது, கைக்குப் பழகியதையே செய்துவிட்டார்கள். அது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் இந்த இடத்தை எழுதும்போதுதான் உறைத்தது.

ஹஸ்மியோ மேசையை விட்டு அசையாமல் இருந்தான். முன்பு ஓடிய கணக்கு இப்போது முதல் வரியிலேயே நின்றது. ஒன்று பிழைத்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. முட்டைக் கறியைத் தட்டோடு தள்ளி வைத்தான். காய்ச்சல் என்று சொல்லி ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றான். பிறகு காய்ச்சல் என்று சொல்லாமலே நின்றான்.

4.

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். கத்தரினா டீச்சர்.

பள்ளிக்கூடத்தில் மாணவர் ஆலோசனைக்குப் பொறுப்பானவர். அவரை ஹஸ்மி வீட்டுக்கு அனுப்பியது நான்தான். முதல் வரைவில் ஒரு பக்க நீளத்துக்குப் பேசினார்: மன அழுத்தம், நேர முகாமைத்துவம், மூச்சுப் பயிற்சி. அருமையான பேச்சு, சஞ்சிகைக்காரர்கள் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். ஹஸ்மி “ஓம் டீச்சர், ஓம் டீச்சர்” என்று தலையாட்டினான். ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை. முழுவதையும் வெட்டிவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்:

“இரவில நித்திரை வருதா தம்பி?”

“இல்ல டீச்சர்.”

“எப்ப இருந்து?”

அவன் யோசித்தான். “பந்தடி நிப்பாட்டின நாளையில இருந்து.”

டீச்சர் அதை அப்படியே அவன் உம்மா உம்மு குல்சூமிடம் சொல்லிவிட்டுப் போனார். உம்மா என்ன செய்தார் தெரியுமா? பந்தைப் பற்றிய பேச்சு அவர் காதில் ஏறவே இல்லை. நித்திரை என்பது மட்டும் ஏறியது. படுக்கப்போகுமுன் கொடுக்கும் பாலை இரண்டு கோப்பையாக்கினார். [சிரிக்காதீர்கள். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம்.]

5.

ஒரு பின்னேரம் அலீமா மூடிய தட்டோடு வாசலில் நின்றார்.

“புள்ள படிக்கிறாரா?” என்றார் குசுகுசுவென்று.

“ஓம் ராத்தா. மெதுவாக் கதைங்க,” என்றார் உம்மு குல்சூம் அதைவிடக் குசுகுசுவென்று.

உள்ளே ஹஸ்மிக்கு இரண்டும் கேட்டது. எழுந்து வாசலுக்கு வந்தான்.

“உம்மா, நான் என்ன மௌத்தாப் போய்ட்டனா?”

“அஸ்தஃபிருல்லாஹ்! என்ன கதை மகன் இது?”

“பின்ன என்னத்துக்கு எல்லாரும் இப்பிடிக் கதைக்கிற? பந்தடி இல்ல, பாட்டு இல்ல, ஊட்டுக்கு ஊடு சோறு வருது. நான் பெயிலானா இந்த ஒழுங்கையில எப்பிடி உம்மா நடக்கிற? எனக்கு ஏலாது. நான் சோதனை எழுதப் போகல்ல.”

அலீமாவுக்குத் தட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஹஸ்மியும் வாசற்படியில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதான். யாரோ போய் ஜபாரைக் கூட்டி வந்தார்கள். எஞ்சின் கழற்றிக்கொண்டிருந்தவன், கையெல்லாம் கிறீஸோடு அப்படியே வந்தான்.

“உனக்காகத்தானேடா வலையக் கழட்டினது?”

“எனக்காக எண்டா என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா நானா?”

ஜபார் கிறீஸ் கையைச் சட்டையில் துடைக்கத் தொடங்கினான். அவன் கெட்டவனாக இருந்தால் எனக்கு எழுதுவது லேசு. பாவம், பந்தடி இல்லாத பின்னேரங்களில் போக்கிடமில்லாமல், நல்லாயிருந்த எஞ்சினையே கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தவன் அவன்.

6.

இனி முடிவு. கைவசம் இரண்டு இருக்கிறது.

முடிவு அ: அன்றே வலையைக் கட்டுகிறார்கள். ஹஸ்மி விளையாடுகிறான், படிக்கிறான், ஒன்பது பாடத்திலும் ‘ஏ’ எடுக்கிறான். ஊரே வெடி கொளுத்துகிறது. எழுதிவிட்டு வெட்கப்பட்டேன். வலையைக் கட்டியதற்கு ஒன்பது ‘ஏ’ கூலியா? ஒன்று குறைந்தால் மறுபடி கழற்றுவார்களோ?

முடிவு ஆ: பரீட்சையை விட்டுவிட்டு ஜபாரின் படகில் ஏறுகிறான். எல்லோரும் கலங்கி நிற்கிறார்கள். இதுவும் பொய். கடலுக்குப் போவதைத் துக்கமாக எழுத நான் யார்? அந்த ஒழுங்கை சாப்பிடுவதே அதில்தான்.

இரண்டையும் விட்டுவிட்டு வாசற்படிக்கே திரும்புகிறேன்.

“சரி, இப்ப கேக்கிறன்,” என்றான் ஜபார். “உனக்கு என்னடா வேணும்?”

ஹஸ்மி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“தெரியல்ல நானா.”

இந்தப் பதிலை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. பந்து என்றிருந்தால் வலையைக் கட்டலாம். பசி என்றிருந்தால் சோறு கொண்டுவரலாம். தெரியவில்லை என்கிறவனுக்கு எதைக் கொண்டுவருவது? உம்மா சோதனையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அலீமா அவர் கையைப் பிடித்து அமர்த்தினார். ஜபார் ஹஸ்மிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

எனக்கும் இதற்கு மேல் தெரியாது. இவ்வளவு பக்கம் அவனைப் பற்றி எழுதியும், என்ன வேண்டும் என்று நானும் அவனைக் கேட்டதில்லை. கேட்டது ஜபார்தான்.

பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. படியில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். புத்தி சொல்ல வேண்டாம். உங்கள் காலத்தில் நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்றும் தொடங்க வேண்டாம். அவன் வாய் திறக்கக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை எழுந்து போய்விடாதீர்கள்.