பன்னிரண்டாவது டேக்

படத்தின் டிஸ்க் கடைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவனும் மனைவியும் மகளும் மச்சான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். டிஸ்கை வாங்கி வந்தது மனைவிதான். தகரப் பெட்டியின் மேல் சுடர்வீரன் சிவப்புக் கவசத்தில் பறந்துகொண்டிருந்தான். கீழே கொட்டை எழுத்தில் ‘இரண்டாம் பாகம்’. உள்ளே இரண்டு டிஸ்க். பஸ்ஸில் வழி நெடுக அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தாள். எட்டு வயது மகள் பெட்டியைத் தடவி, “இது எங்கப்பா” என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னாள்.

பொய்யில்லை. வசனம் பேசுவதுதான் கதாநாயகன். பறப்பது, விழுவது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வருவது எல்லாம் அவள் புருஷன். பதினாறு வருடமாக டூப். கேமரா எங்கே இருந்தாலும் அதற்கு முகத்தைக் காட்டக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். அவனுக்கு அது எலும்பில் ஏறிவிட்டது. கல்யாண ஆல்பத்தில் கூடப் பாதிப் படங்களில் மாப்பிள்ளையின் பிடரிதான் தெரியும். “கூச்சம்” என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தாள்.

காதலித்துச் செய்துகொண்ட கல்யாணம். அவள் அண்ணனுக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. அவருக்கு டைல்ஸ் வியாபாரம். இந்த வருடம் அவனுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்ததும் பேச்சு கெட்டியாகிவிட்டது. குடோனில் ஆள் வேண்டும், விழுந்து எழுந்தது போதும், வந்து பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அவள்தான் குறுக்கே நின்றாள்.

“டிஸ்க் வரட்டும் அண்ணா. அதில இவர் சொந்த முகத்தோட, வசனத்தோட வர்றாரு. பார்த்துட்டுப் பேசு. அப்படி வரலேன்னா நானே கூட்டிட்டு வந்து உன் குடோன்ல விட்டுட்டுப் போறேன்.”

பதினாறு வருட உழைப்புக்காக டைரக்டர் கொடுத்த சின்ன டிரைவர் வேடம் அது. பாலத்தின் விளிம்பில் ஒரு பஸ் தொங்கும். சுடர்வீரன் அதைத் தூக்கி நிறுத்துவான். டிரைவர் நிமிர்ந்து பார்த்து, “நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்” என்பான். அவ்வளவுதான். தியேட்டருக்கு வந்த படத்தில் அந்தக் காட்சி இல்லை. எடிட்டிங் அறையில் இருந்தவர் போனில் ஆறுதல் சொன்னார்: “கவலைப்படாதீங்கண்ணே, டிஸ்க்ல போட்டிருக்கோம்.” அன்றிலிருந்து அவன் கதவைத் தட்டும்போதெல்லாம் அவள் திறந்துகொண்டே, “நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்” என்பாள். அடிபட்ட தோள் எது என்று பார்த்து, மற்றத் தோளிலிருந்து பையை வாங்கிக்கொள்வாள்.

அந்த ஒரு ஷாட்டுக்குப் பன்னிரண்டு டேக் ஆனதை மட்டும் அவன் அவளிடம் சொல்லவில்லை. முதல் பதினொன்றிலும் வசனம் வாயில் வரும்போதே தலை தானாகக் கேமராவை விட்டுத் திரும்பிக்கொண்டது. பன்னிரண்டாவதில் பின்தலையை சீட்டோடு அழுத்திக்கொண்டு சொன்னான். டைரக்டர் ஓகே என்றார். சரியாக வந்ததைத்தானே போடுவார்கள்? சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டான்.

மச்சான் கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“வாங்க மாப்பிள்ளை. நடந்து வந்தீங்களா, பறந்து வந்தீங்களா?”

“பஸ்ல, மச்சான்.”

“யாரு ஓட்டினது? நீங்களா?”

அண்ணி சிரித்துக்கொண்டே காப்பி கொண்டு வந்தாள். கப்பு வைக்கக் கடையின் சாம்பிள் டைல் துண்டுகள். சுவரில் பாதியை டிவி அடைத்துக்கொண்டிருந்தது. மச்சானின் இரண்டு பையன்களும் தரையில் படுத்திருந்தார்கள். மகள் அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டாள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவனது வலிக்கிற முழங்காலின் மேல் மெல்லக் கை வைத்தாள்.

“படம் பார்த்தாச்சு. நேரா ரெண்டாவது டிஸ்கைப் போடு அண்ணா.”

‘வெட்டப்பட்ட காட்சிகள்’ என்று ஐந்து இருந்தன. ஐந்தும் ஓடி முடிந்தன. பஸ் வரவில்லை.

“இன்னும் ஏதோ இருக்கு பாரு” என்றாள் அவள்.

திரையில் அடுத்ததாக இருந்தது ‘படப்பிடிப்புக் கூத்து’. அவன் ரிமோட்டுக்குக் கை நீட்டினான்.

“அது வேண்டாம் மச்சான். அது சும்மா...”

“ஏன் வேண்டாம்? கூத்துன்னா நல்லாத்தானே இருக்கும்.”

பஸ் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவன். மகள் கையைத் தட்டினாள். திரையில் இருந்தவன் நிமிர்ந்தான், வாயைத் திறந்தான், சடாரென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்” என்றது அவன் பிடரி. கோமாளி வருகிற மாதிரி ஒரு ஊதல் இசை. மூலையில் ‘1’ என்று போட்டார்கள். பிறகு ‘2’. டைரக்டர் கத்தினார், “முகம்! முகம் எங்கய்யா?” ஐந்தாவதில் கண்ணாடியில் அம்புக்குறி ஒட்டியிருந்தார்கள். அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் திரும்பினான். எட்டாவதில் கதாநாயகனே ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அவன் தாடையைப் பிடித்து, குழாயைத் திருகுவது போலத் திருகினார். பதினொன்றாவதில் டைரக்டர் நாற்காலியோடு சரிந்து விழுந்து சிரித்தார். அதோடு வேறு ஏதோ காட்சிக்குப் போய்விட்டது. பன்னிரண்டாவது இல்லை.

“அப்பா, உங்க முகம் எப்ப வரும்?” என்றாள் மகள்.

மச்சான் ரிமோட்டில் பின்னால் ஓட்டினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். “இரு இரு, அந்தக் குழாயை மட்டும் இன்னொரு தடவை.”

“நிறுத்து அண்ணா” என்றாள் அவள்.

“என்னம்மா நிறுத்துறது? நாலு மாசமா இதைத்தானே பாரு பாருன்னே?”

“பன்னிரண்டாவது சரியா வந்துச்சு மச்சான்” என்றான் அவன். “டைரக்டரே ஓகே சொன்னாரு.”

“எங்கே, காட்டுங்க.”

“இதில போடல.”

“சரியா வந்ததை விட்டுட்டுத் தப்பா வந்ததைப் போட்டிருக்காங்க. அப்போ உலகத்துக்கு எது வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு மாப்பிள்ளை.”

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ, பாவம்டி உன் வீட்டுக்காரரு. கல்யாண ஆல்பத்திலேயும் இதே பிடரிதானே? கூச்சம் கூச்சம்னு எங்க எல்லாரையும் ஏமாத்திட்டியே!”

அவள் அவன் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். “இத்தனை தடவை ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“பன்னிரண்டாவதுல...”

“தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“அன்னைக்கே சொல்லியிருந்தா இவங்க முன்னாடி நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேனே.”

முழங்காலின் மேலிருந்த கை எடுக்கப்பட்டது.

மூன்றாம் முறை ஓடியபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். குழாய் திருகல் வந்தது. முதலில் மூக்கால் ஒரு சத்தம். பிறகு அடக்க முடியாமல், தலையைப் பின்னால் சாய்த்து, முழுதாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவனுக்குத் தெரியும். முதல்முதலாகப் பஸ் நிறுத்தத்தில் அவன் கால் தடுக்கி, விழாமல் ஒரு குட்டிக்கரணம் அடித்து எழுந்தபோது அவள் சிரித்தது அதே சிரிப்பு. அதற்காகத்தான் அவன் அவளைத் தேடித் தேடிப் போனான். அன்று அவனைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். இன்று அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, டிவியைப் பார்த்துச் சிரித்தாள்.

“அப்பாடா, இவளும் இறங்கி வந்துட்டா!” என்றாள் அண்ணி.

பையன்கள் எழுந்து விளையாட ஆரம்பித்தார்கள். ஒருவன், “முகம் எங்கய்யா!” என்று கத்துவான். மற்றவன் சடாரென்று திரும்புவான். மகள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்து இறங்கிப் போனாள். “அப்படி இல்ல, இப்படி” என்று நடுவில் நின்று திரும்பிக் காட்டினாள். அச்சு அசல். தோள் அசையாமல், கழுத்து மட்டும். எல்லோரும் கை தட்டினார்கள். மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுபடியும் செய்தாள்.

“திறமை ரத்தத்தில இருக்கு” என்றார் மச்சான். பிறகு தங்கையைப் பார்த்தார். “சரி, பேச்சுக்கு வருவோம். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தே.”

அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சொன்னா சொன்னதுதான் அண்ணா. நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு வந்துடுவாரு.”

“நாளைக்கா?” என்றான் அவன். “வர்ற வாரம் ஒரு ஷூட்டிங்...”

“வேற யாராவது திரும்பிக்குவாங்க” என்றாள் அவள்.

மச்சான் ஸ்டியரிங் பிடிப்பது போல இரண்டு கையையும் தூக்கினார். குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு, “நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்!” என்றார்.

இந்த முறை அவள்தான் முதலில் சிரித்தாள்.

கிளம்பும் நேரம் அண்ணிக்கு ஒரு போட்டோ வேண்டும் என்று ஆசை வந்தது. எல்லோரும் டிவிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். மகள் நடுவில் தகரப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தாள். மச்சான் போனை அலமாரியில் சாய்த்து, பத்து நொடி கொடுத்துவிட்டு ஓடி வந்து நின்றார். ஓரத்தில் நின்ற அவன் பின்தலையைச் சுவரோடு அழுத்தி, கேமராவை நேராகப் பார்த்தான். கண் சிமிட்டவில்லை. தாடை நடுங்கியது. தலை திரும்பவில்லை.

“மாப்பிள்ளை, இது செல்லாது” என்றார் மச்சான். “அடையாளம் தெரியாமப் போயிடும். பழையபடி நில்லுங்க.”

அவன் அசையவில்லை. அப்போது இரண்டு கைகள் அவன் தோளில் விழுந்தன. அடிபட்ட தோள் எது என்று பார்க்காமல் விழுந்தன. சிரிப்பில் மூச்சு வாங்க, “திரும்புங்களேன்” என்று அவளே அவனைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

மகள் எண்ணினாள். “மூணு, ரெண்டு, ஒண்ணு.”

போன் சொடுக்கியது.

“பார்த்தீங்களா” என்றார் மச்சான், போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே. “ஒரே டேக்ல ஓகே.”