சல்மாவின் வலது கை

கற்பூரத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்த ரொஸ்னா, குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சல்மாவின் வலது கையைத் தூக்கி நீட்டப் பார்த்தாள். முழங்கையில் மடிந்து மார்போடு கிடந்த கை அசையவில்லை.

"உசுரு போனா எல்லாம் தளர்ந்துரும். இது தளரலையே," என்றாள். அந்தப் பகுதியில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான்.

"ஏழு வருஷமா அப்படித்தான் இருக்கு ரொஸ்னாக்கா. விட்டுடுங்க. இழுக்காதீங்க," என்றாள் சல்மாவின் அக்கா நூர் பீவி.

சொன்ன பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. இப்படி ஒரு நாள் இளகிப்போய்த்தான் அவள் தங்கையின் கையை நீட்டாமல் விட்டாள்.

சல்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. சூலியா தெருவில் நூர் பீவியின் கணவர் அப்துல் ஹமீது நடத்திய சோற்றுக்கடையின் பின்கட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தது. ஹமீது ஈரச் சாக்கைப் போட்டு அணைப்பதற்குள் கழுத்திலிருந்து வலது மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. மூன்று மாதம் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். பெண்கள் வார்டில் யோகம்மா என்று ஒரு யாழ்ப்பாணத்து நர்ஸ். தேயிலைச் சாயம் போல ஒரு மருந்தைத் தெளித்துத் தெளித்துப் புண்ணைக் கறுப்பாக்கினாள். பொருக்கு உரிந்த நாட்களில் உப்புத் தண்ணீரில் கழுவினாள். சல்மா அவளைக் கடித்தும் இருக்கிறாள். யோகம்மா ஒரு நாளும் பாதியில் நிறுத்தியதில்லை.

வீட்டுக்கு அனுப்பும் அன்று நூர் பீவியைத் தனியே அழைத்தாள்.

"புண் ஆறேக்கை தோல் சுருங்கும். ஒரு நாளைக்கு மூண்டு தரம் கையை நீட்டிவிடவேணும். அழுவா. நீங்கள் இரங்கக்கூடாது. விட்டீங்களெண்டா கை மடங்கினபடியே நிண்டிடும்."

நூர் பீவி பதினோரு நாள் நீட்டினாள். பன்னிரண்டாம் நாள் சல்மா அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "ராத்தா, இன்னிக்கு மட்டும் வேணாம். ஒரு நாள்தானே!"

நூர் பீவி அழுதாள். தங்கையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். அன்று நீட்டவில்லை. மறுநாளும் இன்றைக்கு மட்டும்தான் என்று விட்டாள். அதற்கடுத்த நாள் சல்மா கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

கட்டு மாற்றப் போகிறபோதெல்லாம் யோகம்மா கேட்பாள். "நீட்டுறீங்களோ?"

"நீட்டுறேன் மிஸ்ஸி."

நாலு வாரம் அப்படிச் சொன்னாள். பிறகு போகவே கூசியது. ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

கை மடங்கியபடியே நின்றுவிட்டது. தட்டை எட்டாத கையோடு சல்மா இடது கையால் சாப்பிடப் பழகினாள். யாரும் பார்க்காதபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். கல்யாண வீட்டு விருந்துகளுக்குப் போவதில்லை. "எனக்குப் பசிக்கலே, நீங்க போயிட்டு வாங்க," என்பாள். ஏழு வருஷமும் அதே பேச்சு.

கடைசியாக வந்த காய்ச்சலின் மூன்றாம் நாள், கஞ்சி புகட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் அவள் கேட்டாள்.

"ராத்தா, அன்னிக்கு நான் கத்தினப்ப நீங்க கேக்காத மாதிரி இருந்திருக்கலாம்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. நூர் பீவி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"இன்னும் ரெண்டு வாய் குடிச்சுரு," என்றாள்.

சல்மா குடித்தாள். மறுநாள் விடிந்ததும் மூச்சு நின்றது.

வெளியிலிருந்து ஹமீது குரல் கொடுத்தார். "அஸர் தொழுகைக்கு நேரமாவுது." ரொஸ்னா கஃபன் துணியைச் சுற்றினாள். மடிந்த கை இருந்த இடத்தில் துணி மேடாக நின்றது. இரண்டு முறை இழுத்துக் கட்டியும் படியவில்லை. ஆண்கள் மையித்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் நடந்தார்கள்.

வீடு ஓய்ந்த பிறகு, வெள்ளைச் சட்டையோடு யோகம்மா வந்தாள். வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். பாசாரில் யாரோ சொன்னார்களாம். நூர் பீவி கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே பாயில் உட்கார்ந்தாள்.

"மிஸ்ஸி, உங்ககிட்ட நான் பொய் சொன்னேன். நான் நீட்டலே."

"தெரியும். கையைப் பார்த்த உடனை விளங்கீட்டுது."

"அப்ப ஏன் ஏசலே?"

"ஏசினா வராமல் விட்டிடுவீங்கள் எண்டு பயந்தன். ஏசாமலே வராமல் விட்டிட்டீங்கள்." யோகம்மா கோப்பியைத் தொடவில்லை. "சூலியா தெரு என்ன தூரமே? நானெண்டாலும் வந்து பார்த்திருக்கலாம். வார்டிலை வேலை கூட எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்திட்டன்."

தெருவில் ஒரு ரிக்‌ஷா போயிற்று.

எழுந்து செருப்பை மாட்டும்போது யோகம்மா சொன்னாள். "இப்பவும் ஒருத்தி கிடக்கிறா. பிச்சைமுத்து எண்டு, துறைமுகத்திலை மூட்டை தூக்கிற ஆள், அவரின்ரை மகள். சேலையிலை விளக்கு விழுந்து கை வெந்திட்டுது. தாய் அந்தக் கையைத் தொடமாட்டன் எண்டுறா."

"எந்தக் கை?"

"இடது."



மூன்று நாள் துக்கம் கழிந்து நாலாம் நாள் காலை நூர் பீவி பெண்கள் வார்டுக்குள் நுழைந்தபோது யோகம்மா பிச்சைமுத்து மகளின் கட்டிலருகே ஒரு முக்காலியை மட்டும் இழுத்துப் போட்டாள். அந்தப் பெண்ணின் தாய் காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். நூர் பீவி ஒரு கையால் அந்த முழங்கையையும் மறு கையால் மணிக்கட்டையும் பிடித்து, மெல்ல, யோகம்மா காட்டியபடி நீட்டினாள்.

"விடுங்க லா! யாரு நீங்க? ஐயோ, விடுங்க!"

"இன்னும் கொஞ்சம், தங்கச்சி."

"நீங்கள்லாம் மனுஷியா?"

நூர் பீவி பிடியை விடவில்லை. கண்ணீர் தாடையில் இறங்கிச் சொட்டியது. துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை ஒழியவில்லை.